தூண்டிலும் சிறுமீனும்

"சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கிறான்" என்பது தமிழ் மக்கள் நாவில் நாள்தோறும் புழங்கும் பழமொழி. வாடிக்கைக்காரருக்கு இனாம் வழங்கும் கடைக்காரரைக் கண்டாலும், மேலதிகாரி வீட்டு விசேடத்திற்கு வெள்ளிக் கிண்ணத்தோடு செல்பவரைக் கண்டாலும் இதனைச் சொல்லிச் சிரிக்கின்றோம். சொல்லும் நம்முள் பலர் உயிருள்ள சிறுமீனைத் தூண்டிலில் கோத்தவரும் அல்லர். கோப்பதைக் கண்டவரும் அல்லர். அத்தொழிலின் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்தால், இப்பழமொழி பாதி உண்மையையே கூறுகின்றது என்பது விளங்கும். சிறுமீனைப் போடுவது எளிது. போடும் வரையில் அதனை உயிரோடு காப்பதே தொழில்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதி நாள் கழிக்கும் நமக்கு மீனைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் வினவலாம். நாம் வாழும் ஊரே அவ்வுரிமையைத் தருகின்றது. 'எல்லை' என்று பொருள்படும் 'ஷீவ்' என்னும் மராத்திச் சொல்லே ஆங்கிலேயர் வாயில் சயான் ஆயிற்று. இந்த எல்லையூரின் மேற்கே மாகிம் கழிமுகம். அதன் கரையில் தாராவிக் கோலிவாடா. ஹார்பர் பாதையில் இன்று குரு தேக் பகதூர் நகர் என்று வழங்கும் நிலையத்திற்கு முன்னாளில் கோலிவாடா என்பதே பெயர். நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் நம் முன்னோர் இங்கே வந்து இறங்குவதற்கு நெடுநாள் முன்னரே, கோலி மக்கள் இக்கழிமுகத்தில் மீன் பிடித்து வாழ்ந்தனர். மீன் உண்பவர், உண்ணாதவர் என்ற வேறுபாடின்றி நாம் அனைவரும் மீனவர் நிலத்தில் குடியேறியவர்களே. ஆகவே மீன்தொழிலின் வரலாற்றில் ஒரு பக்கத்தையேனும் அறிவது நம் கடமை ஆகும்.

பழந்தமிழர் தூண்டில்

நெய்தல் நிலத்துப் பரதவரும், மருத நிலத்துக் குளங்களில் மீன் பிடித்த பாணரும் தூண்டிலை நன்கு அறிந்திருந்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தூண்டில் இடும் பாணன் ஒருவனைக் காண்கின்றோம். நீண்ட மூங்கிற்கோல், அதிற் கட்டிய கயிறு, வளைந்த இரும்பு முள், இரைக்கான ஊனை இட்டுவைத்த தோற்பை ஆகிய அனைத்தும் அங்கே உள்ளன. அவன் இரையைக் கவ்வித் தப்பிய வாளை மீன், பின்னர் நீரருகே நின்ற பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டும் அஞ்சியதாம். ஒருமுறை ஏமாந்த மீன் நிழலையும் நம்பாது என்று கண்ட புலவர், குளக்கரையில் நெடுநேரம் அமர்ந்து பார்த்தவராகவே இருத்தல் வேண்டும்.

திருவள்ளுவரும் தூண்டிலை மறந்தாரில்லை. சூதாட்டத்தில் கிட்டும் வெற்றி, தூண்டில் இரும்பை இரையென்று கருதி மீன் விழுங்கியது போன்றது என்று சூது அதிகாரத்தின் முதற்குறளிலேயே உவமை கூறுகின்றார்.

பெரும்பாணாற்றுப்படைப் பாணன் பையிலிருந்த இரை உயிரற்ற ஊன் என்பதை ஈண்டுக் கருத வேண்டும். உயிரற்ற இரையைத் தேடி மீன் வர வேண்டும். உயிருள்ள இரையோ, தான் துடிக்கும் துடிப்பினாலேயே மீனை அழைக்கும். வேட்டையாடி உண்ணும் மீன்களுள் பல, அசையாத உணவைப் பொருட்படுத்துவதில்லை. இவ்வியல்பைக் கண்டறிந்த மனிதனே உயிர் இரையைத் தூண்டிலில் இட்டான்.

ஏரியும் விராலும்

நம் நாட்டு ஏரி குளங்களில் உயிர் இரைக்கு இரையாகும் பெருமீன் விரால். இது சேற்றிலும் பாசியிலும் மறைந்திருந்து, தவளையையும் கெண்டைக் குஞ்சையும் பாய்ந்து விழுங்கும். விரால் பிடிப்போர் சிறு தவளையையோ உயிருள்ள சிறுமீனையோ முள்ளிற் கோத்து, கரையில் ஊன்றிய கோலிற் கயிற்றைக் கட்டி, இரை நீரின் மேற்பரப்பில் நீந்தித் துடிக்குமாறு விடுவர். அத்துடிப்பே விராலுக்கு ஓலை அனுப்பியது போலாகும்.

கோக்கும் முறையிலே தொழிலின் நுட்பம் அடங்கியுள்ளது. படகு நகர்ந்து செல்லும்போது, சிறுமீனின் கீழுதட்டிலிருந்து மேலுதடு வழியாக முள்ளைச் செலுத்துவர். அப்பொழுது அது தலை முன்னாக நீரைக் கிழித்து இயல்பாக நீந்துவது போலத் தோன்றும். படகு அசையாது நிற்கும்போது, முதுகுச் செதிலின் அடியில், முதுகெலும்பிற்கு மேலாகச் சதையில் மட்டும் முள்ளை ஏற்றுவர். எலும்பிலே முள் பட்டால் சிறுமீன் உடனே செயலற்றுவிடும். செயலற்ற மீனால் பயன் இல்லை. முள் மெல்லிய கம்பியாக இருத்தல் வேண்டும். தடித்த முள்ளின் கனத்தைச் சிறுமீனால் சுமக்க இயலாது. கயிற்றிலே சிறு ஈயக்குண்டு ஒன்றும் தக்கை ஒன்றும் கட்டி, இரை எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை அளந்து விடுவர்.

வட அமெரிக்க ஏரிகளில் 'கிராப்பி' என்றொரு மீன் உண்டு. அதனைப் படகிலிருந்து பிடிப்போர் இம்முறையையே பெரிதும் கைக்கொள்கின்றனர். அதன் வாய்த்தோல் மிக மெல்லியது. ஆகவே 'காகித வாயன்' என்று அங்குள்ளோர் அழைப்பர். தக்கை அமிழ்ந்தவுடன் வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழிந்து மீன் ஓடிவிடும். மெல்லத் தூக்குபவருக்கே மீன் கிட்டும். இங்கிலாந்தில் ஐசக் வால்டன் என்பார் 1653-ஆம் ஆண்டு வெளியிட்ட தூண்டில் நூலில், உயிருள்ள மீனையும் தவளையையும் முள்ளிற் கோக்கும் முறையைக் கூறுகின்றார். இரை நெடுநேரம் உயிரோடிருக்க வேண்டுமாதலால் அதனை அன்போடு கையாள வேண்டும் என்பது அவர் அறிவுரை. முள்ளிற் கோப்பவன் அன்பைப் பற்றிப் பேசுவது முரணாகத் தோன்றலாம். ஆயினும் தொழிலின் தேவை அவரை அவ்வாறு பேச வைத்தது.

வாளியிலுள்ள சிறுமீன்களைக் காப்பதும் எளிதன்று. வெயிலில் சூடேறிய நீரில் உயிர்வளி குறைந்துவிடும். ஒரே வாளியில் பல மீன்களைத் திணித்தால், கரை சேர்வதற்குள் பாதி மிதக்கத் தொடங்கும். நீரை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். குளிர்ச்சியாக வைத்தல் வேண்டும். ஈரக் கையாலன்றித் தொடலாகாது.

உயிரை முள்ளிற் கோப்பது கொடுமை என்று கருதுவோர் பலர். ஜெர்மனி, நார்வே முதலிய நாடுகளில் உயிர்மீனைத் தூண்டிலில் இடுதற்குச் சட்டத் தடையும் உள்ளது. அதனை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. ஆனால் சிறுமீனை முள்ளிற் கோவாமலே பெருமீனைப் பிடிக்கும் முறை ஒன்றும் உண்டு. அது நம் நாட்டின் தென்மேற்குக் கடலிலே பன்னெடுங்காலமாக வழங்கி வருகின்றது.

மினிக்காய்த் தீவின் முறை

இலட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில், பிற தீவுகளினின்று தொலைவில் தனித்துக் கிடப்பது மினிக்காய். கொச்சியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு. அங்குள்ளோர் பேசும் மஹல் மொழி, மாலைத்தீவு மொழியின் கிளை. தீவின் ஒரு புறத்தே பவளப்பாறைகள் அரண்போல் சூழ்ந்த ஆழமற்ற காயல் உண்டு. காயலுக்கு அப்பால் ஆழ்கடல். அவ்வாழ்கடலிலே சூரை மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும்.

மினிக்காய் மீனவர் விடியற்காலையில் நேரே கடலுக்குச் செல்வதில்லை. முதலில் காயலில் வலையிட்டு விரல் நீளமுள்ள சிறுமீன்களைப் பிடிப்பர். பிடித்தவற்றைப் படகின் நடுவே அமைந்த தொட்டியில் விடுவர். அத்தொட்டியின் அடியிலே துளைகள் உண்டு. கடல்நீர் அவ்வழியே உள்ளே ஏறும். நீர்மட்டம் உயராதபடி ஆட்கள் இடைவிடாது இறைத்துக் கொட்டிக்கொண்டே இருப்பர். படகில் ஓட்டை விழுந்தால் அடைப்பது உலக வழக்கம். இவர்களோ சிறுமீன் மூச்சு விடுவதற்காகத் தம் படகில் தாமே ஓட்டை வைத்தனர்.

சூரைக் கூட்டத்தைக் கண்டவுடன், ஒருவர் தொட்டியிலிருந்து சிறுமீன்களைக் கை கையாக அள்ளிக் கடலில் வீசுவார். அவை உயிரோடு நீந்திச் சிதறும். வேறு சிலர் நீரை வாரி மழைபோல் கடல்மேல் தெளிப்பர். மேற்பரப்பெங்கும் சிறுமீன் கூட்டம் துள்ளுவதாகச் சூரை மயங்கும். படகின் பின்புறத்து மேடையில் மூங்கிற்கோல்களுடன் நிற்போர் தூண்டிலை இடுவர். அத்தூண்டிலில் இரை கிடையாது. பளபளக்கும் உலோக முள் மட்டுமே. அம்முள்ளிலே எதிர்நாக்கும் இல்லை. சூரை கவ்வியவுடன் கோலை ஒரே வீச்சில் தூக்குவர். மீன் தானே கழன்று படகினுள் விழும். கோல் மீண்டும் கடலுக்குச் செல்லும். மீன்கள் ஒவ்வொன்றாகவே பிடிபடுவதால், பெருவலைகளிற் சிக்கும் ஆமையும் ஓங்கிலும் இங்கே சிக்குவதில்லை.

மாசி கூறும் வரலாறு

பிடித்த சூரையை அறுத்து, உப்புநீரில் வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் மரக்கட்டை போலாகும்வரை உலர்த்துவர். இதுவே நம் கடற்கரையூர்களிலும் யாழ்ப்பாணத்திலும் 'மாசி' என்று வழங்குவது. 'மாஸ்' என்பது மாலைத்தீவு மொழியில் மீன். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து அன்பர்களுக்கும், இலங்கையில் உறவினர் உள்ளவர்களுக்கும் மாசிச் சம்பலின் மணத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை.

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் அவன் வென்றதாகக் கூறப்படும் பன்னீராயிரம் தீவுகள், மாலைத்தீவுகளே என்பது வரலாற்றாசிரியர் கருத்து. 1343-ஆம் ஆண்டு அத்தீவுகளை அடைந்து அங்கே நீதிபதியாகவும் அமர்ந்த மொராக்கோ யாத்திரிகர் இபின் பதூதா, இந்த மீனைத் துண்டாக்கிச் சிறிது வேகவைத்து, ஓலைக்கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடுவதையும், உலர்ந்ததும் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதி செய்வதையும் எழுதி வைத்துள்ளார். அவரே பின்னர் தமிழகக் கரையை அடைந்து மதுரைச் சுல்தானிடமும் தங்கியவர். எனவே, மாசி வாணிகத்தின் வயது ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குக் குறையாது என்று துணியலாம்.

தற்கால ஆராய்ச்சியிலும் தமிழ்மண்ணுக்குப் பங்குண்டு. 1947-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், பல ஆண்டுகள் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் இயங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரைத் தடுத்து நிறுத்தி நோய்ச் சோதனை செய்த முகாமினால் பெயர்பெற்ற ஊர் அது. அந்நிலையத்தைச் சார்ந்த டாக்டர் எஸ். ஜோன்ஸ், மினிக்காயின் உயிர் இரை மீன்பிடிப்பைப் பற்றி 1958-இல் கட்டுரை வெளியிட்டார். காயலில் எந்தெந்தச் சிறுமீன்கள் இரையாகின்றன என்பதை ஆராய்ந்து முறைப்படி எழுதியவர் அவர். மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த செய்தி அங்ஙனம் ஏட்டில் ஏறியது.

1960-களில் பொறி பொருத்திய படகுகள் வந்தன. மினிக்காயின் முறையை அகத்தி முதலிய பிற தீவினரும் கைக்கொண்டனர். 1969-இல் மினிக்காயில் சூரையைத் தகரப் பெட்டியில் அடைக்கும் ஆலை தோன்றியது. 1970-களின் தொடக்கத்தில் இலங்கை தன் இறக்குமதியைச் சுருக்கியபோது, அந்நாட்டுச் சந்தையையே நம்பியிருந்த மாலைத்தீவு மாசி வாணிகம் பெருந்துன்புற்றது. அதன்பின் மாலைத்தீவினர் சூரையைப் பச்சையாக வெளிநாட்டுக் குளிர்பதனக் கப்பல்களுக்கு விற்கத் தொடங்கினர். வாணிகம் மாறியது, கோலும் சிறுமீனும் மாறவில்லை. 2012-ஆம் ஆண்டு, மாலைத்தீவின் கோல்தூண்டில் சூரைப் பிடிப்புக்கு, கடல்வளத்தை அழிக்காத தொழில் என்று மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்னும் பன்னாட்டு அமைப்பு சான்று வழங்கியது.

வற்றும் காயல்

இத்துணைச் சிறப்புடைய தொழிலுக்கு இன்று நேர்ந்துள்ள இடர் பெருமீனால் வந்ததன்று; சிறுமீனால் வந்தது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை இழந்து வெளிறிப்போகின்றது. வெப்பம் நீடித்தால் இறக்கின்றது. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவுப் பவளப்பாறைகள் இவ்வாறு வெளிறின. இரைமீன்களுள் பல, பவளக் கிளைகளுக்கிடையே ஒளிந்து வாழ்பவை. வீடு இடிந்தால் குடியிருப்பவர் எங்கே செல்வர்? படகுகள் பெருகியதாலும், கண்ணியிடை குறுகிய வலைகளாலும், இரவிலே விளக்கிட்டு இரைமீனை வாரும் பழக்கத்தாலும் சுமை மேலும் ஏறியது. ஆழ்கடலில் சூரை திரிந்தும், காயலில் இரை கிட்டாமையால் படகு கரையிலே நிற்கும் நாட்கள் வந்துள்ளன.

முன்னோர் இதனை உணராதவர் அல்லர். தென்மேற்குப் பருவக்காற்றின் திங்களில் படகுகளைக் கரையேற்றிவிடுவது தீவின் வழக்கம். அக்காலத்தில் காயல் இளைப்பாறும். நம் ஏரிகளிலும் விரால் இணை தன் செந்நிறக் குஞ்சுகளைக் காவல் காத்துத் திரியும்போது அதன்மேல் கை வைக்கலாகாது என்று முதியோர் சொல்வதுண்டு. தாயைப் பிடித்தவன் ஒரு மீனைப் பெறுவான். அடுத்த ஆண்டின் ஏரியை இழப்பான்.

இனி நம் வாயிலுக்கு வருவோம். 1909-இல் வெளியான பம்பாய் நகர கெசட்டியர், தாராவியைப் பம்பாயின் 6 பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகக் குறிக்கின்றது. மாகிம் கழிமுகத்து அலையாத்தி மரங்களின் வேரிடையே கடல்மீனின் குஞ்சுகள் வளர்ந்தன. பின்னர் கழிமுகம் தூர்க்கப்பட்டது. மித்தி ஆறு வழியாகச் சாக்கடையும் ஆலைக் கழிவும் இறங்கின. சிறுமீன் அழிந்தது, அதன்பின் பெருமீனும் சென்றது, இறுதியில் மீனவரும் படகை விட்டு வேறு பிழைப்புத் தேடினர். இன்று தாராவிக் கோலிவாடா உள்ளது. அதன் தொழில் பெரும்பாலும் நினைவாகவே உள்ளது. ஆயினும் முற்றும் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. சயான்–பாந்திரா இணைப்புச் சாலையருகே, குப்பைமேடாகக் கிடந்த நிலத்தில் மரங்களை வளர்த்து, 1994-இல் மகாராட்டிர இயற்கைப் பூங்கா திறக்கப்பெற்றது. கழிமுகக் கரையின் அலையாத்தி மரங்களை அங்கே நம் குழந்தைகள் இன்றும் காணலாம். விடுமுறை நாளொன்றில் அவர்களை அழைத்துச் சென்று, "மீன் பிறக்கும் இடம் இது" என்று காட்டுதல் நலம்.

பழமொழிக்கு மீள்வோம். சிறுமீனைப் போட்டுப் பெருமீனைப் பிடிப்பவனைத் தந்திரக்காரன் என்று உலகம் நகைக்கின்றது. தொழில் அறிந்த மினிக்காய் மீனவனோ, நாள் முழுதும் நீர் இறைத்துச் சிறுமீனின் மூச்சைக் காப்பவன். அவன் கோல் வீசும் நேரம் சில நாழிகை. காவல் காக்கும் நேரமே பெரிது. காயல் உள்ளவரை கடல் அவனுக்குச் சோறிடும். அக்காயலும், நம் கழிமுகமும், நம் ஏரிகளும் சிறுமீனோடு செழித்து வாழ்க!